நீருக்குப் போக்கிடம்: கொல்கத்தா நகரின் வடிகால் முறை

ஒரு நகரத்திற்குக் குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பள்ளி மாணவரும் ஓர் ஏரியின் பெயரையோ ஆற்றின் பெயரையோ சொல்லிவிடுவர். அந்நீர் பயன்பட்ட பின் எங்கே போகிறது என்று கேட்டால், பெரியவர்களும் விடை கூறத் தயங்குவர். வீட்டுக் கொல்லைப்புறத்துச் சாக்கடை வரையில்தான் பெரும்பாலோர் அதனைப் பின்தொடர்கின்றனர். அதற்கு அப்பால் அதனை ஏற்று, நிலத்தடியில் நடத்தி, பம்புகளால் தூக்கி, தூய்மை பெறும் இடத்தில் கொண்டு சேர்ப்பது உள்ளூராட்சியின் வடிகால் இலாகாவின் பொறுப்பாகும். தெருக்களில் விழும் மழைநீரை அகற்றுவதும் அதன் கடமையே.

இப்பணியின் அடிப்படை விதி எளியது. நீருக்குப் போக்கிடம் இருந்தால்தான் வடிகால் வடிகாலாகும். கலிங்கு அடைபட்ட ஏரியில் கரை எவ்வளவு வலுவாக இருப்பினும் ஆபத்து நீங்குவதில்லை. அதுபோலவே, நகரின் நடுவே எத்துணைச் சிறந்த குழாய்களைப் பதித்தாலும், நீர் சென்று சேரும் இடம் தூர்ந்துவிட்டால் அக்குழாய்கள் நீர் தேங்கும் தொட்டிகளாகிவிடும். இவ்வுண்மையை இந்திய நகரங்களுள் மிகத் தெளிவாகக் காட்டுவது கொல்கத்தா. 2001-ஆம் ஆண்டு வரை கல்கத்தா என்று வழங்கிய அந்நகரம், தன் கழிவுநீரின் போக்கிடத்தை ஒரு முறை இழந்து, புதியதொன்றை அமைத்துக்கொண்டதாகும்.

நிலத்தின் சரிவு

கொல்கத்தா ஹூக்ளி ஆற்றின் கிழக்குக் கரையில், கடல் மட்டத்திற்குச் சில மீட்டர் உயரமே உள்ள வண்டல் நிலத்தில் அமைந்துள்ளது. பெரிய ஆறுகள் வெள்ளக் காலத்தில் கரை புரளும்போது பருமனான வண்டல் கரையை ஒட்டியே படிந்துவிடும்; நுண்ணிய வண்டல் மட்டுமே தொலைவுக்குச் செல்லும். நெடுங்காலம் இவ்வாறு நிகழ்ந்ததால் ஆற்றங்கரை உயர்ந்தும், ஆற்றை விட்டு விலகிய நிலம் தாழ்ந்தும் இருக்கின்றன. ஆகவே கொல்கத்தாவின் நிலம் ஆற்றை நோக்கிச் சரியாமல், கிழக்கு நோக்கிச் சரிகிறது. அக்கிழக்குத் திசையில் ஒரு காலத்தில் கடலின் ஓதம் ஏறி இறங்கிய பரந்த உப்பேரிகளும் சதுப்பு நிலங்களும் இருந்தன.

ஆறு அருகில் இருக்கும்போது சாக்கடையை அதில் விடலாம் என்று எண்ணுவது இயல்பே. தொடக்கத்தில் பல வடிகால்கள் அவ்வாறே வெட்டப்பட்டன. நீர் ஓடாமல் அவற்றில் தேங்கியது. 1803-ஆம் ஆண்டில் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பிரபு எழுதிய குறிப்பொன்று இத்தவற்றைச் சுட்டி, நிலத்தின் சரிவு உப்பேரிகளை நோக்கியே உள்ளது என்பதை எடுத்துக்காட்டியது. எனினும் அதற்கேற்ற முழுமையான திட்டம் உருவாக அரை நூற்றாண்டு சென்றது. நகராட்சியின் எஞ்சினீயரான வில்லியம் கிளார்க் 1855-ஆம் ஆண்டில் பாதாளச் சாக்கடைத் திட்டமொன்றை அளித்தார். 1859-இல் தொடங்கிய வேலை 1875-ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியது. அக்காலத்தில் செங்கல்லால் கட்டிய பாதைகளே நகரின் பழைய பகுதிகளுக்கு இன்றும் முதுகெலும்பாக விளங்குகின்றன.

ஒரே பாதையில் இருவகை நீர்

பாதாளச் சாக்கடை அமைப்பதில் இரு முறைகள் உண்டு. வீட்டுக் கழிவுநீருக்கு ஒரு குழாயும் மழைநீருக்கு வேறொரு வடிகாலும் அமைப்பது பிரிவு முறை. இரண்டையும் ஒரே பாதையில் விடுவது கூட்டு முறை. கிளார்க் மேற்கொண்டது கூட்டு முறையாகும்.

கூட்டு முறையில் தோண்டும் செலவு குறைவு. மேலும், பெருமழையின் வேகம் பாதையில் படிந்த அழுக்கை அடித்துச் சென்றுவிடும். ஆனால் இதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. மழைநீரை ஏற்கும் அளவு பெரிதாகக் கட்டிய பாதையில், மழையற்ற மாதங்களில் வீட்டுக் கழிவுநீர் மட்டும் அடியில் மெல்லிய படலமாக ஓடும். ஆழமும் வேகமும் குறைவதால் மணலும் மலமும் படியத் தொடங்கும். இதனைத் தவிர்ப்பதற்காகவே அக்காலத்துப் பெரிய சாக்கடைகள் பலவற்றை முட்டை வடிவில் கட்டினர். முட்டையின் குறுகிய முனை கீழ்நோக்கி இருக்கும். சிறிதளவு நீரும் அக்குறுகிய அடிப்பகுதியில் ஆழமாகவும் விரைவாகவும் ஓடும். பெருமழை வரும்போது அகன்ற மேற்பகுதி பயன்படும்.

படிவு நேராமல் இருக்க, சாக்கடை நீர் வினாடிக்கு ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் வேகத்திலாவது ஓட வேண்டும் என்பது எஞ்சினீயர்களின் கணக்கு. இவ்வேகம் நாளுக்கு ஒரு முறையேனும் கிட்டினால், முன்பு படிந்தவற்றை நீரே இழுத்துச் செல்லும். அது கிட்டாத பாதைகள் ஆண்டுதோறும் தூர்ந்துகொண்டே வரும். கொல்கத்தாவின் செங்கற்சாக்கடைகள் பலவற்றில் இவ்வாறு நெடுங்காலம் சேறு படிந்து கொள்ளளவு குறைந்தது. ஆகவே 2000-களின் பிற்பகுதி முதல், தெருவைத் தோண்டாமலேயே அவற்றின் சேற்றை அகற்றி, உட்புறத்தில் கண்ணாடி இழை சேர்த்த பிளாஸ்டிக் உறை பொருத்தும் வேலை பகுதி பகுதியாக மேற்கொள்ளப்பட்டது. வழவழப்பான உறையில் உராய்வு குறைவதால் நீரின் வேகம் கூடுகிறது. பழைய செங்கல்லும் இடிந்து விழாமல் காக்கப்படுகிறது.

பம்பு நிலையத்தின் பணி

சமதளமான நகரில் சரிவை எப்படிப் பெறுவது? தெரு மட்டமாக இருந்தாலும் சாக்கடை சரிந்தே ஆக வேண்டும். ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் சரிவு கொடுத்தால், 5 கிலோமீட்டர் சென்றபின் பாதை, தொடங்கிய மட்டத்திற்கு 5 மீட்டர் கீழே போய்விடும். மேலும் ஆழமாகத் தோண்டிக்கொண்டே செல்வது இயலாது. ஓரிடத்தில் நீரை மேலே தூக்கிவிட்டு, அங்கிருந்து மீண்டும் சரிவைத் தொடங்க வேண்டும். அவ்விடமே பம்பு நிலையம். கொல்கத்தாவில் பாமர்ஸ் பிரிட்ஜ், பாலிகஞ்ச் முதலிய நிலையங்கள் இப்பணியைப் புரிகின்றன. ஆழ்ந்த சாக்கடைகளில் வந்து சேரும் நீரை அவை தூக்கி, கிழக்கே செல்லும் உயர்மட்டக் கால்வாய்களில் விடுகின்றன.

பம்பு நிலையத்தில் முதலில் இருப்பது கம்பித் தடுப்பு. கந்தை, கட்டை, பிளாஸ்டிக் பை ஆகியவற்றை அது நிறுத்துகிறது. அடுத்தது நீர் சேரும் ஆழ்கிணறு. கிணற்றின் மட்டத்தைப் பார்த்துப் பம்புகள் இயக்கப்படுகின்றன. அன்றாடக் கழிவுநீருக்குச் சிறிய பம்புகளும், மழைக்காலத்திற்கெனப் பெரிய பம்புகளும் தனித்தனியே உண்டு. ஆண்டின் பெரும்பகுதி சும்மா நிற்கும் பெரிய பம்பு, மழை கொட்டும் நள்ளிரவில் உடனே இயங்கியாக வேண்டும். ஆகவே கோடையிலேயே அதனை ஓட்டிப் பார்ப்பதும், கம்பித் தடுப்பைச் சுத்தம் செய்வதும், மின்சாரம் தடைப்பட்டால் உதவும் டீசல் எஞ்சினைத் தயாராக வைத்திருப்பதும் இலாகாவின் முக்கியமான வேலைகள்.

மழையின் கணக்கு

மழைமானியில் ஒரு மில்லிமீட்டர் என்று குறிக்கப்படும் மழை சிறியதாகத் தோன்றும். அதனைப் பரப்பால் பெருக்கும்போதுதான் அதன் அளவு புலனாகும். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால், விழும் நீர் 10 லட்சம் லிட்டர். கொல்கத்தாவின் பழைய வடிகால்கள் மணிக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் மழைநீரை அகற்றும் அளவில் திட்டமிடப்பட்டவை. அஃதாவது, சதுர கிலோமீட்டருக்கு மணிக்கு 60 லட்சம் லிட்டர்.

ஒரு மணி நேரத்தில் 30 மில்லிமீட்டர் மழை பெய்ததாகவும், நிலம் முழுவதும் கட்டடமும் சாலையுமாக இருப்பதால் நீர் உள்ளே இறங்கவில்லை என்றும் கொள்வோம். 6 மில்லிமீட்டர் போக எஞ்சிய 24 மில்லிமீட்டர் நீர், அஃதாவது 2 கோடியே 40 லட்சம் லிட்டர், தெருவில் நிற்கும். அது எங்கும் சமமாக நிற்பதில்லை. பரப்பில் பத்தில் ஒரு பங்கான தாழ்ந்த இடத்தில் அனைத்தும் சேர்ந்தால், அங்கே 24 சென்டிமீட்டர் ஆழம் நிற்கும். குழாய்களில் அடைப்பே இல்லாதபோதும் நேரும் நிலை இது. குழாயின் பாதியில் சேறு படிந்திருந்தால் நிலைமை இன்னும் கடுமையாகும்.

இக்கணக்கு கற்பனையன்று. கொல்கத்தாவின் ஆண்டு மழை சராசரியாக 1,600 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது. அதிற் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்கிறது. 1978-ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் ஒரே நாளில் சுமார் 370 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 22, 23 தேதிகளில் ஓர் இரவுக்குள் சுமார் 250 மில்லிமீட்டர் பெய்து நகரம் நீரில் மூழ்கியது. தேங்கிய நீரில் மின்சாரம் பாய்ந்து பலர் உயிரிழந்தனர். ஹூக்ளி ஆற்றில் ஓதம் ஏறும் நேரத்தில் மழை வந்தால் தொல்லை இருமடங்காகும். ஆற்றுநீர் நகருக்குள் புகாமல் இருக்க ஆற்றோர மதகுகளை அப்போது மூட வேண்டியிருக்கிறது. உள்ளே விழும் மழை, ஓதம் இறங்கும்வரை காத்திருக்க நேரும்.

மாண்ட நதியும் புதிய கால்வாய்களும்

கிளார்க்கின் திட்டம் நகரின் நீரைக் கிழக்கேயிருந்த வித்யாதரி என்னும் ஓத நதியில் சேர்த்தது. ஓத நதிக்கு உயிர் தருவது அதில் நாள்தோறும் இருமுறை புகுந்து வெளியேறும் கடல்நீர். உள்ளே வரும் ஓதம் வண்டலைச் சுமந்து வருகிறது. பரந்த உப்பேரிகளில் பரவி நின்ற பெருநீர் திரும்பி இறங்கும்போது அவ்வண்டலை வாரிச் சென்று ஆற்றின் ஆழத்தைக் காக்கிறது. ஆனால் ஏரி நிலங்கள் பயிருக்காகக் கரை கட்டி அடைக்கப்பட்டன. நீரின் போக்கைக் கால்வாய்கள் குறுக்கிட்டன. ஓதநீர் பரவும் இடம் சுருங்க, திரும்பி இறங்கும் நீரின் அளவும் குறைந்தது. வண்டல் தங்கியது. நகரின் சாக்கடைச் சேறும் அதனுடன் சேர்ந்தது. 1928-ஆம் ஆண்டில் வித்யாதரி பயனற்றுப்போன நதி என அரசாங்கத்தால் அறிவிக்கப்பட்டது.

போக்கிடம் அழிந்த நகரத்திற்கு மாற்று வழி கண்டவர் மாநகராட்சியின் தலைமை எஞ்சினீயர் டாக்டர் வீரேந்திரநாத் டே. அவரது திட்டப்படி, நகரிலிருந்து கிழக்கே முப்பது கிலோமீட்டரளவு தொலைவிலுள்ள குல்டி ஆற்றுக்கு இரு கால்வாய்கள் வெட்டப்பட்டன. ஒன்று அன்றாடக் கழிவுநீருக்கு. மற்றொன்று மழைக்காலப் பெருநீருக்கு. 1940-களின் முற்பகுதியில் இவை பயனுக்கு வந்தன. இடைவழியில் பந்தலா என்னுமிடத்தில் மதகு அமைத்து நீர்மட்டம் உயர்த்தப்பட்டது. அவ்வுயர்ந்த மட்டத்திலிருந்து சுற்றியுள்ள தாழ்ந்த குளங்களுக்குக் கழிவுநீர் பம்பின்றித் தானே பாய்ந்தது. ஓதநீர் வரத்து நின்று வற்றிப்போன உப்பேரிகளில் கழிவுநீர் கொண்டு மீன் வளர்க்கும் தொழில் இதனால் பரவியது.

மீன் வளர்ப்போருக்குக் கால்வாயில் நீர்மட்டம் உயர்ந்திருக்க வேண்டும். நகரத்தாருக்கோ மழைக் காலத்தில் அது தாழ்ந்திருக்க வேண்டும். இவ்விரு தேவைகளையும் நிறுத்துப் பார்த்து மதகைத் திறப்பதும் மூடுவதும் இம்முறையின் அன்றாடப் பணிகளுள் ஒன்று.

சூரியனும் பாசியும்

இக்குளங்களை வங்காளத்தில் பேரி என்பர். வெயில் அடிவரை எட்டும்படி அவை ஆழம் குறைந்தவையாக இருக்கின்றன. குளிர்காலத்தில் நீரை வடித்து, அடிமண்ணை உலர்த்தி, சுண்ணாம்பு இட்டபின் கழிவுநீரைச் சிறிது சிறிதாக விடுகின்றனர். கழிவுநீரிலுள்ள கரிமப் பொருள்களைப் பாக்டீரியாக்கள் சிதைக்கின்றன. அதற்குப் பிராணவாயு வேண்டும். சிதைவினால் உண்டாகும் கரியமில வாயுவையும் உரச்சத்துக்களையும் நுண்பாசிகள் உண்டு, சூரிய ஒளியின் துணையால் பிராணவாயுவை வெளியிடுகின்றன. ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாகிறது. பாசிகள் பெருகும் பகற்பொழுதில் நீரின் காரத்தன்மை உயர்கிறது. வெயிலும் சேர்ந்து நோய்க்கிருமிகளை ஒடுக்குகிறது. பாசியையும் அதனை உண்ணும் நுண்ணுயிர்களையும் ரோகு, கட்லா, மிர்கால், திலேப்பியா முதலிய மீன்கள் உணவாகக் கொள்கின்றன.

இரவில் ஒளியில்லாததால் பிராணவாயு உற்பத்தி நின்றுவிடும். விடியற்காலையில் அது மிகவும் குறைந்து, மீன்கள் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாய் திறப்பதைக் காணலாம். அதனைக் கண்டு கழிவுநீரின் வரத்தைக் குறைக்க மீனவர் அறிவர். கரையோரத்தில் ஆகாயத்தாமரையை வரிசையாக வைத்து அலையின் அரிப்பையும் தடுக்கின்றனர். மின்சாரமும் இயந்திரமும் இன்றி நகரின் கழிவுநீரில் பெரும்பகுதி இங்கே தூய்மை பெறுகிறது. குப்பை நிலங்களில் காய்கறியும், குளத்திலிருந்து வெளியேறும் நீரில் நெல்லும் விளைகின்றன.

இம்முறையின் மதிப்பை 1980-கள் முதல் ஆராய்ந்து உலகறியச் செய்தவர் சுகாதார எஞ்சினீயர் துருவஜோதி கோஷ். 1992-ஆம் ஆண்டில் கல்கத்தா உயர் நீதிமன்றம் இந்நிலங்களைப் பிற பயன்களுக்கு மாற்றத் தடை விதித்தது. 2002-ஆம் ஆண்டில் சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்கள், ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்தனவாக ஏற்கப்பட்டன. 2006-இல் மேற்கு வங்காளச் சட்டமன்றம் இவற்றைக் காக்கத் தனிச் சட்டமும் இயற்றியது. ஆயினும் கட்டட மனைக்காகக் குளங்களைத் தூர்க்கும் முயற்சிகள் ஓயவில்லை. ஒரு குளம் தூர்ந்தால் மீனவர் பிழைப்பு மட்டும் போவதில்லை. நகரின் மழைநீர் பரவும் இடமும் அந்த அளவுக்குக் குறைகிறது.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. பாசியும் பாக்டீரியாவும் கரிமப் பொருளைச் சிதைக்கும். குரோமியம் போன்ற உலோகங்களைச் சிதைக்க அவற்றால் இயலாது. ஆகவே தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவைத் தனியே சுத்திகரித்த பின்னரே வெளியேற்ற வேண்டும்.

ஆள் இறங்கும் குழியின் அபாயம்

இவ்வளவு பெரிய அமைப்பும் இறுதியில் மனிதரின் உழைப்பால் நடைபெறுகிறது. அவர்களுள் மிகுந்த அபாயத்திற்கு உள்ளாவோர் மேன்ஹோல் எனப்படும் ஆள் இறங்கும் குழிகளில் இறங்குவோர். காற்றோட்டமின்றித் தேங்கிய கழிவில் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு உண்டாகிறது. அது காற்றைவிடக் கனமானதாகையால் குழியின் அடியில் தங்கும். சிறிதளவில் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். அளவு மிகுந்தால் மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். ஆகவே நாற்றம் நின்றுவிட்டது என்பது வாயு நீங்கியதற்கு அடையாளமன்று. அபாயம் மிகுந்ததற்கே அடையாளமாகலாம். உள்ளே விழுந்தவரைக் காக்கப் பாதுகாப்புக் கருவியின்றி இறங்குபவரும் அவ்வாறே மாள்கின்றனர்.

பாதுகாப்பின்றிச் சாக்கடையில் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சாக்கடையில் இறந்தோர் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் அளிக்குமாறு 2014-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023-இல் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. 2025 ஜனவரி 29 அன்று கொல்கத்தா உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மனிதரைக் கொண்டு சாக்கடை சுத்தம் செய்வதை அந்நீதிமன்றம் தடுத்தது. நான்கு நாட்களுக்குப் பின், பிப்ரவரி 2 அன்று, பந்தலாவிலுள்ள தோல் தொழில் வளாகத்தில் குழியொன்றில் மூன்று தொழிலாளர்கள் மாண்டனர். சட்டம் மட்டும் போதாது. குழி திறக்கப்படும் இடத்தில் அச்சட்டத்தை நிறைவேற்றும் மேற்பார்வையாளர் இருக்க வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

சாக்கடை வேலையை மேற்பார்க்கும் களப்பணியாளர், அடைப்பை நீக்க முதலில் இயந்திரத்தையே நாட வேண்டும். அடைப்பு எவ்வளவு சிறியதாகத் தோன்றினும், எவர் அவசரப்படுத்தினும், ஆளை இறக்க இசையலாகாது. மழைக்காலத்திற்கு முன் தெருவோரத் தொட்டிகளின் சேற்றை அகற்ற வேண்டும். அகற்றிய சேற்றை அங்கேயே குவித்து வைத்தால் முதல் மழையே அதனை மீண்டும் உள்ளே தள்ளிவிடும். நீர் தேங்கும் இடங்களையும், தேங்கிய ஆழத்தையும், வடிந்த நேரத்தையும் ஆண்டுதோறும் குறித்து வைத்தால், எந்தப் பாதையில் அடைப்பு உள்ளது என்பது அக்குறிப்பிலிருந்தே தெரியவரும்.

ஆசிரியர்கள் இப்பாடத்தை எளிய சோதனைகளால் விளக்கலாம். கண்ணாடிச் சாடியில் மணல் கலந்த நீரைக் கலக்கி வைத்தால், ஓட்டம் நின்றதும் படிவு தொடங்குவது தெரியும். ஒளி ஊடுருவும் குழாயொன்றில் மணலிட்டு, சிறிது சிறிதாகச் சாய்த்து நீர் விட்டால், எந்தச் சரிவில் மணல் நகரத் தொடங்குகிறது என்பதை மாணவர்களே அளந்தறிவர். நீர்ச் செடியொன்றை வெயிலில் வைத்து, இலையிலிருந்து எழும் குமிழிகளைக் காட்டலாம். கழிவுநீரை எச்சோதனைக்கும் பயன்படுத்தலாகாது.

பின்னர், பள்ளிக் குழாயிலிருந்து விழும் நீர் எவ்வழியே சென்று எங்கு முடிகிறது என்று படம் வரையுமாறு மாணவர்களைப் பணிக்கலாம். படத்தின் இறுதியில் ஓர் ஏரியோ, ஓடையோ, தாழ்ந்த நிலமோ இருக்கும். அவ்விடம் இன்று எந்நிலையில் உள்ளது, முன்பு எவ்வளவு பரந்திருந்தது என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதச் செய்யலாம். அவ்விடத்தைத் தரிசு என்று கருதி நிரப்பாமல் காப்பது வடிகால் பணியின் பகுதியே என்பதை இளமையிலேயே அறிந்தோர், பிற்காலத்தில் நகரசபைகளில் அமரும்போது அதற்கேற்ற முடிவுகளை எடுப்பர்.